மரத்தில் சுட்டு எழுதும் பேனா: வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு வழி

கேள்வி இதுதான்: "பெயர்ப்பலகை எழுத ஆசைப்பட்டு, வீட்டில் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னால் தேக்குப் பலகையில் எழுதிப் பார்த்தேன். கோடு திட்டுத் திட்டாக வருகிறது. ஒரு எழுத்து முடிவதற்குள் முனை ஆறிவிடுகிறது. கடையில் விற்கும் செட் விலை கட்டுப்படியாகவில்லை. பழைய மொபைல் சார்ஜரில் நைக்ரோம் கம்பியை இணைத்து நாமே ஒரு பேனா செய்துகொள்ள முடியுமா?"

முடியும், நன்றாகவே முடியும். பத்து வருடங்களுக்கு மேலாக நான் செய்த பேனாவால்தான் நான் எழுதுகிறேன். ஆனால் மொபைல் சார்ஜர் இந்த வேலைக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பது பிடிபட்டுவிட்டால் பேனா செய்வதில் பாதி பிடிபட்டுவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் சால்டரிங் அயர்ன். அதில் சூடு பிறக்கும் இடம் வேறு, மரத்தைத் தொடும் இடம் வேறு. குழாய்க்குள் இருக்கும் காயில் சூடாகி, அந்தச் சூடு செம்பு பிட் வழியாக முனைக்கு வந்து சேர வேண்டும். மரம் ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸில் கருகத் தொடங்கும். சும்மா ஸ்டாண்டில் இருக்கும்போது பிட் அதைவிட அதிகச் சூட்டில்தான் இருக்கிறது. பலகையில் வைத்து இழுத்தவுடன் மரம் அந்தச் சூட்டைக் குடித்துவிடுகிறது. காயில் அதை ஈடுகட்டுவதற்குள் உங்கள் கை அடுத்த வளைவுக்குப் போய்விடும். முதல் அரை அங்குலம் கறுப்பு, அடுத்தது பழுப்பு, அப்புறம் வெறும் கீறல். சூடு ஏறட்டும் என்று ஒரு இடத்தில் நிறுத்தினால் அங்கே ஒரு கரும்பொட்டு.

கம்பிப் பேனாவில் மரத்தைத் தொடும் கம்பியேதான் ஹீட்டர். இழந்த சூடு இழந்த இடத்திலேயே, ஒரு நொடிக்குள் திரும்பப் பிறக்கிறது. பேனா செய்யும்போது நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இதற்காகத்தான்.

இது மின்சாரம் வருவதற்கு முன்பே இருந்த பிரச்சினைதான். புல்லாங்குழல் செய்பவர்கள் மூங்கிலில் துளை போடுவது காய்ச்சிய இரும்புக் கம்பியால். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஒரு கம்பி கையில் இருக்கும்போது அடுத்தது நெருப்பில் கிடக்கும். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் சுரைக்குடுக்கையிலும் மூங்கில் குழலிலும் பழங்குடிக் கைவினைஞர்கள் காய்ச்சிய இரும்பால் கோலங்களைச் சுட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கும் அடுப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உள்ளே பொள்ளலான பிளாட்டினம் முனை ஒன்று வந்தது. ரப்பர் பல்பை அமுக்கிப் பெட்ரோலிய ஆவியை முனைக்குள் அனுப்பினால் அது அங்கேயே எரிந்து முனையைச் சூடாக வைத்திருக்கும். எல்லோரும் தேடியது ஒன்றுதான்: கை நிற்காமல் ஓட வேண்டும், முனை ஆறக் கூடாது.

சரி, இப்போது சார்ஜர் ஏன் ஆகாது என்று பார்க்கலாம். நைக்ரோம் என்பது நிக்கல் 80, குரோமியம் 20 சதவீதம் கலந்த உலோகம். செம்பைவிட அறுபது மடங்குக்கும் மேல் மின்தடை உள்ளது. சிவக்கக் காய்ந்தாலும் மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்புக் கம்பியாக இருந்தால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். முனைக்கு நான் எடுப்பது 22 கேஜ் கம்பி, அதாவது 0.71 மி.மீ. தடிமன். இது மீட்டருக்குச் சுமார் 2.75 ஓம். முனைக்குத் தேவை 4 செ.மீ. கம்பிதான், அப்படியென்றால் வெறும் 0.11 ஓம். எழுதுகிற சூட்டுக்கு அதில் 6 முதல் 8 ஆம்பியர் ஓட வேண்டும். 7 ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 0.77 வோல்ட். ஒரு வோல்ட்கூடத் தேவையில்லை! வாட்டில் சொன்னால் ஐந்தரைக்குள்.

உங்கள் சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர். வாட் கணக்கில் பத்து இருக்கிறது, ஆனால் வந்து சேரும் விதம் தலைகீழ். 0.11 ஓமுக்கு 5 வோல்ட்டைக் கொடுத்தால் அது 45 ஆம்பியர் கேட்கும். சார்ஜர் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும், அல்லது புகையும். சார்ஜருக்கு ஏற்றபடி கம்பியை மாற்றலாமே என்றால் 30 கேஜ் கம்பியில் 18 செ.மீ. நீளம் வேண்டும். தலைமுடி போன்ற அந்தக் கம்பி அழுத்தினால் வளைந்துவிடும், அதை வைத்து எழுத முடியாது. ஆகவே நமக்கு வேண்டியது குறைந்த வோல்ட், நிறைய ஆம்பியர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் கைவேலைதான்.

கம்பி எங்கே கிடைக்கும்? எலக்ட்ரிகல் கடையில் "ஸ்டவ் காயில்" என்று கேளுங்கள். சுருளாக, திறந்த மின்சார அடுப்பில் போடுவார்களே, அதுதான். 2000 வாட் காயிலில் கம்பி தடிமனாக இருக்கும். ஒரு காயில் வாங்கினால் பல வருடங்களுக்குத் தேவையான முனைகள் அதிலேயே வரும். ஒரு எச்சரிக்கை: நைக்ரோம் என்று கொடுக்கும் எல்லாக் கம்பியும் நைக்ரோம் இல்லை. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பியும் அதே பெயரில் கிடைக்கும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இந்த இரண்டாவது வகை. அதுவும் நன்றாகச் சூடாகும், ஆனால் ஒரு முறை சிவந்துவிட்டால் அப்புறம் முறுக்குப் போல உடையும். முனையை அடிக்கடி வளைத்துத் திருத்துகிற நமக்கு ஒட்டாத கம்பிதான் வேண்டும்.

முனை செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எழுத்தின் அழகு இங்கேதான் தீர்மானமாகிறது.

சுருளிலிருந்து ஒரு சாண் அளவு வெட்டி, இரண்டு முனையையும் இரண்டு குறட்டால் பிடித்து மெதுவாக இழுங்கள். சுருள் முழுதும் போகாது, அலை அலையாக நிற்கும். மரக்கட்டை மேல் வைத்து இன்னொரு கட்டையால் உருட்டினால் நேராகிவிடும். அதில் 6 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். இருபுறமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் கிளாம்புக்குள் போகும், வெளியே நிற்பது 4 செ.மீ. நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, மூக்குக் குறட்டின் நுனியால் அந்தப் புள்ளியைப் பிடித்து இரு கால்களையும் விரலால் கீழே மடக்குங்கள். ஊக்கு மாதிரி ஒரு வளைவு வரும். இப்போது வளைவுக்குச் சற்றுக் கீழே குறட்டால் இலேசாக நெருக்குங்கள். இரு கால்களும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி வர வேண்டும், ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டால் கரண்ட் குறுக்கு வழியில் போய்விடும், நுனி ஆறிப்போய்க் கால்கள் மட்டும் சிவக்கும். நெருங்கி நிற்கும்போது ஒரு காலின் சூடு இன்னொன்றைத் தாங்கும், வளைவுதான் எல்லாவற்றையும்விடச் சூடாகும். அந்த வளைவின் நெற்றியை 320 நம்பர் எமரி தாளில் நாலைந்து முறை வட்டமாகத் தேயுங்கள். கூர்மை வேண்டாம், வழவழப்பு வேண்டும். நகத்தின் மேல் இழுத்துப் பார்த்தால் கீறாமல் வழுக்க வேண்டும். கீறினால் மரத்திலும் கீறும், நாருக்கு நார் தடுக்கி எழுத்து நடுங்கும்.

நிழல் கொடுக்க வேறு முனை வேண்டும். அதே ஊக்கின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, ஏதாவது ஒரு இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டினால் சின்னக் கரண்டி போலத் தட்டையாகும். அதை ஓரம் மழுக்கித் தேய்த்தால் இலையின் உட்பக்கம், யானையின் காது போன்ற மென்மையான பழுப்புக்கெல்லாம் அதுதான். தட்டையான ஓரத்தைச் சாய்வாகக் கூராக்கினால் கத்தி முனை. நேர்க்கோடுகளுக்கும் முடி, இறகு வேலைக்கும் அது. முதல் மாதத்துக்கு ஊக்கு முனையும் கரண்டி முனையும் போதும். ரொம்பவும் தேய்த்து மெலிதாக்கிவிடாதீர்கள். மெலிந்த இடத்தில் தடை கூடும், அங்கேதான் முதலில் சிவந்து அறும்.

இனி கைப்பிடி. சூடு கைக்கு ஏறாமல் இருப்பதும், இணைப்பு இறுக்கமாக இருப்பதும்தான் இதில் முக்கியம். முனையைத் தாங்கும் இரண்டு கால்களுக்குச் செம்பைவிடப் பித்தளை நல்லது. மின்சாரத்தைக் கடத்த அந்தச் சிறு நீளத்துக்கு இரண்டும் ஒன்றுதான், சூட்டைக் கடத்துவதில் செம்பு மூன்று மடங்குக்கு மேல் வேகம். அந்தச் சூடு நேராக விரலுக்கு வரும். வெல்டிங் சாமான் கடையில் 3 மி.மீ. பித்தளை ராடு கிடைக்கும். அதில் 10 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள். அப்புறம் இஸ்திரிப் பெட்டி, கீஸர் வேலைக்கு வரும் பீங்கான் கனெக்டர் ஒன்று. அதைப் பக்குவமாக உடைத்தால் உள்ளே ஸ்குரூவோடு இரண்டு பித்தளைக் குழல்கள் இருக்கும். ராடின் நுனியில் ஒரு குழலை ஏற்றி, ஒரு ஸ்குரூ ராடைப் பிடிக்க, மறு ஸ்குரூ நைக்ரோமைப் பிடிக்க வைத்தால் முனை மாற்றுவது ஒரு நிமிட வேலை. நைக்ரோமில் சாதாரண ஈயம் ஒட்டாது, ஒட்டினாலும் அந்தச் சூட்டில் உருகி விழும். ஸ்குரூ பிடிப்புதான் சரியான வழி.

உடலுக்கு நன்றாக உலர்ந்த மரத் துண்டு, விரல் பருமனில். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியிலும் ராடு உட்காரும்படி பள்ளம் எடுத்து, நடுவில் 4 மி.மீ. இடைவெளி விட்டு ராடுகளை வைத்துச் சேர்த்து நூலால் இறுகச் சுற்றிவிடுங்கள். பசை வேண்டாம். பழுது பார்க்க அவிழ்க்க வேண்டிவரும். நான் முதல் பேனாவுக்குப் பழைய ஸ்கெட்ச் பேனாவின் பிளாஸ்டிக் கூட்டைப் பயன்படுத்தினேன். கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் ராடுகள் உள்ளே இளகி ஒன்றோடொன்று சாய்ந்து தொட்டுக்கொண்டன. மரமோ மூங்கிலோ தவிர வேறெதையும் அதற்குப் பிறகு நான் தொடவில்லை. பிடிக்கும் இடத்துக்கும் முனைக்கும் நடுவே 4 செ.மீ.க்குக் குறையாமல் பித்தளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிடியின் மேல் பாட்டில் தக்கையைத் துளையிட்டுச் செருகினால் இரண்டு மணி நேரம் எழுதினாலும் விரல் சுடாது.

கரண்ட் கொண்டுவரும் ஒயர் விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். நமக்கு இருப்பது ஒரு வோல்ட் சொச்சம். மெல்லிய ஒயராக இருந்தால் அதில் பாதியை ஒயரே தின்றுவிடும், முனை சூடாகாமல் ஒயர் சூடாகும். 1.5 சதுர மி.மீ. நெகிழ்வான மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் உறை போட்ட ஒயர் கிடைத்தால் அதுவே சிறந்தது. நூல் மாதிரி துவளும், கையைப் பின்னுக்கு இழுக்காது.

மின்சாரத்துக்கு என்ன செய்வது? புதிதாகச் செய்பவருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: முழுதும் மூடிய 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், அதோடு ஒரு ஸ்டெப் டவுன் மாட்யூல். இந்த மாட்யூலை பக் கன்வெர்ட்டர் என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுப்பார்கள். வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் தனித்தனியாகத் திருகி வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 20 ஆம்பியர் என்று போட்டிருப்பது நல்லது. போட்டிருக்கும் அளவில் பாதியைத்தான் நான் எப்போதும் நம்புவேன், நமக்கு அதுவே தாராளம். அடாப்டர் 5 ஆம்பியர்தானே, 7 ஆம்பியர் எப்படி வரும் என்று தோன்றலாம். மாட்யூல் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருகிறது. ஒயரிலும் இணைப்புகளிலும் போவதைச் சேர்த்து ஒன்றரை வோல்ட் என்று வைத்தாலும், 7 ஆம்பியருக்குப் பத்தரை வாட், மாட்யூலில் வீணாவதைச் சேர்த்தாலும் அடாப்டரிலிருந்து 2 ஆம்பியருக்குள்தான் போகும். இந்த ஏற்பாட்டில் 230 வோல்ட் எங்கேயும் வெளியே தெரிவதில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

பேனாவை இணைக்கும் முன் வோல்டேஜ் ஸ்குரூவை ஆகக் குறைவுக்குத் திருகி மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் ஸ்குரூவையும் குறைத்துவிட்டுப் பேனாவை மாட்டி, கரண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கரண்ட்டால் கட்டுப்படுத்துவதில் ஒரு நன்மை உண்டு. ஒயரும் ஸ்குரூ இணைப்பும் அன்றன்று கொஞ்சம் மாறினாலும் முனையில் அதே சூடு வரும். பழகியபின் அந்தக் குட்டி ஸ்குரூவை எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள பொட்டென்ஷியோமீட்டரைக் குமிழோடு பெட்டியில் பொருத்திவிட்டால் வானொலி சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போல சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வளையம் மாதிரியான டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் பழைய ஆம்ப்ளிஃபயரில் கிடைக்கும். அதன் நடு ஓட்டை வழியாகத் தடித்த ஒயரைப் பத்துச் சுற்று சுற்றி மீட்டரில் அளந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும். நமக்கு வேண்டிய ஒன்றரை, இரண்டு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் இரண்டாம் சுற்றின் (செகண்டரி) முனைகளைத் தனித்தனியாக நன்றாக மூடிவிட வேண்டும். 230 வோல்ட் வரும் முதல் சுற்றுக்கு (பிரைமரி) ஃபியூஸ் கட்டாயம். சூட்டைக் கட்டுப்படுத்த பல்ப் டிம்மரையோ ஃபேன் ரெகுலேட்டரையோ முதல் சுற்றில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மலிவான டிம்மர்கள் பல்புக்காகச் செய்தவை. டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்தால் அலையின் இரு பாதியும் சமமாக வராமல் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும். அதற்குப் பதில், பேனாவோடு தொடராக ஒரு முழம் தடித்த நைக்ரோமைப் பீங்கான் மேல் கட்டி, முதலைக் கிளிப்பை அதில் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நம்பலாம்.

இங்கே நிறுத்தி இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். 230 வோல்ட்டை டிம்மர் வழியாக நேராக நைக்ரோமுக்குக் கொடுக்கும் வழியை யாராவது காட்டினால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த முனை சூடாக மட்டும் இருக்காது, உயிருள்ள மின்கம்பியாகவும் இருக்கும். இரண்டாவது, மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, பலகையில் சோடா உப்புத் தண்ணீர் தடவி, மின்னல் கிளை போன்ற உருவம் எரிய வைக்கும் முறை. பார்க்கக் கொள்ளை அழகு. அதில் ஓடுவது 2000 வோல்ட் அளவு. பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களே அதில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக் கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடைசெய்தே விட்டது. பேனா வேலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

பேனா தயார். எவ்வளவு சூடு சரி? விளக்கை அணைத்துவிட்டு முனையைப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியத் தொடங்கும் இடம் ஏறக்குறைய 525 டிகிரி. அதற்குச் சற்றுக் கீழேதான் எழுத்துக்கான சூடு. சிவந்த முனையால் எழுதினால் கோட்டின் இருபுறமும் பழுப்பு ஒளிவட்டம் பரவும், எழுத்து ஊறிய மை மாதிரித் தெரியும். பலகையின் அதே மரத்தில் ஒரு துண்டை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் பலகைக்கு வருகிறேன். முதல் வேலைக்குத் தேக்கு வேண்டாம். அதன் நிறமே அடர்த்தி, சுட்ட கோடு எடுபடாது. எண்ணெய்ப் பசை வேறு, முனையில் சீக்கிரம் கரி பிடிக்கும். வெளிர் நிறத்தில், நெருங்கிய நார் உள்ள மரம் வேண்டும். மலைவேம்பு மலிவாகக் கிடைக்கும், பழகுவதற்கு நல்லது. வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள். சன்னபட்டணத்துப் பொம்மைகள் செய்வது அந்த மரத்தில்தான். பால் நிறம், வழவழப்பு, கோடு அப்படியே அமர்ந்துகொள்ளும். பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் மிருதுவான வரியும் கடினமான வரியும் மாறி மாறி வரும், முனை ஒன்றில் ஆழமாகவும் அடுத்ததில் பட்டும் படாமலும் போகும். அந்தப் பெட்டிப் பலகையை எடுப்பதானால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. இரண்டாவதைச் சுடவே கூடாது. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட்டின் பசை, வார்னிஷ் அடித்த பழைய மரச்சாமான், கரையான் மருந்து ஊறிய கட்டை இவையும் அப்படியே. அரளி, எட்டி, தில்லை மரங்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். தில்லையின் பால் கண்ணில் பட்டாலே ஆபத்து, புகையும் ஆகாது.

நல்ல மரமானாலும் புகை புகைதான். முகத்தை நேராக மேலே வைத்துக் குனிந்து எழுதுவதால் எல்லாம் மூக்குக்குத்தான் வரும். பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை அதே அடாப்டரில் இணைத்து, பலகைக்கு எதிர்ப்புறம், காற்றை உங்களிடமிருந்து இழுத்துக்கொண்டு போகும்படி வையுங்கள். முனை மேல் காற்று வீசும்படி வைத்தால் முனை ஆறிவிடும். மேசையில் மின்விசிறி ஓடும் அறையில் எழுத்து ஏன் ஒரே சீராக வரவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

பலகையை 120, 220, 320 என்று வரிசையாகத் தேய்த்து, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, நிமிர்ந்த நாரை உலர்ந்தபின் மறுபடி 320இல் தேயுங்கள். படம் மாற்றக் கார்பன் தாள் வேண்டாம், அதன் மை மரத்தை விட்டு முழுதும் போகாது. காகிதத்தின் பின்புறம் பென்சிலால் அடர்த்தியாகக் கிறுக்கி, கவிழ்த்து வைத்து வரைந்தால் மெல்லிய கோடு விழும், அழிரப்பரில் போய்விடும்.

எழுதும் கையைப் பற்றி உங்கள் வீட்டில் கோலம் போடுபவரிடம் கேளுங்கள். பொடி விடும் விரல் நின்றால் அந்த இடத்தில் குவியல். இழை சீராக வரவேண்டுமென்றால் கை முன்பே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். சூட்டுப் பேனாவும் அப்படித்தான். முனை பலகையைத் தொடுமுன்பே கை ஓட்டத்தில் இருக்கட்டும், எடுக்கும்போதும் ஓட்டத்திலேயே தூக்குங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் கரும்பொட்டு விழுவது நின்றுவிடும். அழுத்தவே வேண்டாம். கோட்டின் கருமை கையின் வேகத்தால் வருகிறது, அழுத்தத்தால் வருவதில்லை. புள்ளிக் கோலங்களையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வளைவு, சந்திப்பு, சீரான இடைவெளி எல்லாம் இருக்கின்றன. தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். 'ண', 'ஞ', 'ஐ' போன்றவற்றை ஒரே இழுப்பில் முடிக்க முயல வேண்டாம். நார் எதிர்க்கும் இடத்தில் கை தானே வேகம் குறையும், அங்கே கருக்கும். சுழியை இரண்டு மூன்று இழுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முந்தியதன் வால் மேல் ஏற்றி முடியுங்கள். பலகையைச் சுற்றித் திருப்பி வைத்துக்கொண்டால் எப்போதும் உங்களை நோக்கி இழுக்கும்படி அமையும், அதுதான் கைக்கு அடக்கமான திசை.

ஒவ்வொரு சில நிமிடமும் முனையில் கரி படியும். கரி சூட்டை மரத்துக்கு விடாமல் தடுக்கும், எழுத்து வெளிறியதும் நாம் சூட்டைக் கூட்டுவோம், கரி இன்னும் கூடும். கரண்டைக் கூட்டுமுன் முனையைப் பாருங்கள். இரண்டு மூன்று நொடி சிவக்கவிட்டால் கரி எரிந்துபோகும். மீதியை ஆறியபின் ஸ்டீல் நாரில் துடையுங்கள்.

உங்கள் சால்டரிங் அயர்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னணியைப் புள்ளி புள்ளியாக நிரப்ப, பித்தளைத் துண்டில் அச்சு வெட்டி முத்திரை போட அது நன்றாக உழைக்கும். ஒன்று மட்டும்: ஈயம் ஒட்டிய பிட்டை மரத்தில் வைக்காதீர்கள். இந்த வேலைக்கென்று புதிய பிட் ஒன்று வாங்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் மென்மையாக ஒரு முறை 400 தாளில் துடைத்து, தூசி போக்கி, ஆளி விதை எண்ணெயோ தெளிவான வார்னிஷோ பூசலாம். எண்ணெய் பூசினால் மரம் ஒரு படி அடர்த்தியாகும், வெளிர் பழுப்பு நிழல்கள் அதில் கொஞ்சம் மறையும். அதற்குத் தகுந்தபடி முன்பே ஒரு படி கூடுதலாகச் சுட்டுவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம், அது தானாகவே தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப்போட்டபின் அகற்றுங்கள். பெயர்ப்பலகையை நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். ஆழமாகச் சுட்ட எழுத்து நிற்கும், மெல்லிய நிழல்களை வெயில் தின்றுவிடும். வாசல் மேற்குப் பார்த்ததென்றால் நிழலே போடாமல், ஊக்கு முனையால் ஆழமாக எழுத்தை மட்டும் சுட்டு முடித்துவிடுங்கள்.